டிமாரின் இதயத்தைத் திறந்து பார்த்தபோது

1911 ஏப்ரல். பாஸ்டன் மாரத்தானுக்கு முன்னாடி, ஓட வந்தவங்களை டாக்டர்கள் பரிசோதிக்கிறாங்க. கிளாரன்ஸ் டிமாருக்கு 22 வயசு, அச்சகத்துல வேலை. அவர் மார்புல ஸ்டெதஸ்கோப்பை வைச்சா, இதயத் துடிப்போட ஒரு முணுமுணுப்பும் கேட்குது. களைச்சா நின்னுடணும், இதுக்கப்புறம் ஓடவே கூடாதுன்னு சொல்லி அனுப்புறாங்க.

அன்னைக்கு ஜெயிச்சது டிமார்தான்.

டாக்டர்களை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. ரொம்ப ஓடினா இதயம் தேஞ்சுடும்னு அப்போ நிறைய பேர் நம்பினாங்க. டிமாருக்கே பயம் இருந்தது. 1912 ஒலிம்பிக்குக்கு அப்புறம் பல வருஷம் பெரும்பாலும் ஒதுங்கியே இருந்தார்; அந்த எச்சரிக்கையும் அதுக்கு ஒரு காரணம். 1922-ல திரும்பி வந்து மறுபடியும் பாஸ்டன்ல ஜெயிச்சார். மொத்தம் 7 தடவை!

1958-ல, 70 வயசுல, புற்றுநோயால இறந்தார். பிரேதப் பரிசோதனை நடந்தது. அதை 1961-ல கட்டுரையா எழுதினவங்க ஜேம்ஸ் கரன்ஸும் பால் டட்லி வொயிட்டும். வொயிட் யாருன்னா, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தப்போ கவனிச்ச அதே இதய நிபுணர். டிமாரோட இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற கரோனரி தமனிகள் சாதாரண அளவைவிட 2, 3 மடங்கு பெரிசா இருந்தன. உள்ளே கொஞ்சம் கொழுப்பு படிஞ்சுதான் இருந்தது. ஆனா குழாய் அவ்வளவு அகலமா இருந்ததால ரத்தம் தடையில்லாம போயிருக்கு.

இங்கே ஒரு நிமிஷம். பிறவியிலேயே அவருக்குத் தமனி பெரிசா இருந்திருக்கலாமே? இருக்கலாம். ஒரே ஒரு உடலை வைச்சு எதையும் நிரூபிக்க முடியாது.

அதனால முன்னும் பின்னும் அளந்து பார்த்தாங்க. 1977-ல ஆண்டர்சன், ஹென்ரிக்சன் ரெண்டு பேரும் சிலரை 8 வாரம் சைக்கிள் மிதிக்க வைச்சு, தொடைத் தசையிலேர்ந்து துணுக்கு எடுத்துப் பார்த்தாங்க. தந்துகிகள், அதாவது தசைக்குள்ள ஓடுற மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள், சுமார் 20 சதவீதம் நெருக்கமாகியிருந்தன. உழைக்கிற தசைக்கு ஆக்சிஜன் பத்தாம போகும்போது, விஇஜிஎஃப் என்ற புரதம் சுரக்கும். பக்கத்துக் குழாயோட சுவர்லேர்ந்து புதுக் கிளை முளைக்கத் தூண்டுறது அதுதான். பெரிய தமனிகள் கதை வேற: ரத்தம் வேகமா உரசி ஓட ஓட, அந்தக் குழாயே அகலமாகும்.

பயிற்சியை விட்டுட்டா, புதுசா வந்த தந்துகிகள் மெல்லக் குறைஞ்சும் போகும். டிமார் விடலை. கடைசியா பாஸ்டன்ல அவர் ஓடினது 1954-ல. அப்போ வயசு 65.