மேடையிலிருந்து மைக்குக்கு: ராஜேஸ்வரி சண்முகம்

தமிழ் நாடக வரலாறு எழுதுகிறவர்கள் மேடையையும் அச்சேறிய பிரதிகளையும் பேசி முடித்துக்கொள்கிறார்கள். வானொலி நாடகத்துக்கு ஒரு பத்தியோடு சரி. அதில் நடித்த பெண்களுக்கு அந்தப் பத்தியிலும் இடம் இருப்பதில்லை. இலங்கையின் ராஜேஸ்வரி சண்முகத்தைப் பற்றி எழுத நான் நினைத்ததற்கு அதுவே காரணம்.

கொழும்பில் பள்ளி மாணவியாக இருந்தபோது ராஜேஸ்வரி கண்ணகி வேடம் கட்டினார். அவரை வானொலிக்கு அழைத்தவர், ரேடியோ சிலோனின் நாடகத் தயாரிப்பாளர் 'சானா' சண்முகநாதன். 1950களின் தொடக்கம் அது. மேடைக் கண்ணகிக்குக் கையில் சிலம்பு உண்டு, விரித்த கூந்தல் உண்டு. மைக் முன்னால் அதெல்லாம் செல்லாது. கோபமோ அழுகையோ, தொண்டையிலிருந்துதான் வரணும். கத்தினால் ஒலி சிதறிப்போகும். கையிலிருக்கும் தாள் சரசரத்தால் அதுவும் கேட்டுவிடும். விலகிப்போகும் பாத்திரமென்றால் மைக்கை விட்டு நகர்ந்தபடியே பேச வேண்டும்.

அவரது முதல் வானொலி நாடகம் 'விடிவெள்ளி'. எழுதியவர் என்.எஸ்.எம். ராமையா. பின்னாளில் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையால் மலையக இலக்கியத்தில் நிலைத்தவர். ராமையாவின் கதைகள் புத்தகமாயின, இன்றும் வாசிக்கிறோம். ராஜேஸ்வரி பேசிய வசனங்கள் காற்றோடு போயின. நாடகாசிரியர் சி. சண்முகத்தை மணந்த பிறகும் நடித்தார், பின்பு அறிவிப்பாளரானார். 'வானொலிக் குயில்' என்ற பெயரும் கிடைத்தது. 2012 மார்ச்சில் அவர் இறந்தபோது பலர் நினைவுகூர்ந்தது அறிவிப்பாளரைத்தான். நடிகையை நினைத்தவர்கள் குறைவு.

நம்ம பக்கத்துக் கதையும் வேறல்ல. 1946இல் ரேடியோ மலாயா தொடங்கியது. அவசரகாலத்தில் அரசாங்கம் புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. பிரச்சாரத்துக்காக வந்த பெட்டிதான், ஆனால் ஜனங்க அதில் பாட்டும் நாடகமும் கேட்டாங்க. பால்மரம் வெட்டிக் களைத்து வந்த பெண்களுக்குக் கொட்டகைக்குப் போகாமலேயே நாடகம் கிடைத்தது. நம் இலக்கிய வரலாறு இதை எங்கே வைத்திருக்கிறது?

குனோங் ராபாட்டிலும் ஈப்போவைச் சுற்றிய பழைய தோட்டங்களிலும் அந்த நாடகங்களைக் கேட்ட பாட்டிமார் இன்னும் இருக்காங்க. அவர்களிடம் கதையை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். "யாரு பாட்டி நடிச்சது?" என்றும் கேளுங்கள். சொல்கிற பெயரை அன்றைக்கே எழுதி வையுங்கள்.