சீறியாழும் கட்ட மோளமும்: ஓய்மாநாட்டிலிருந்து ஒரு வாழ்த்து

இசை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அனந்தபுரம் விழா மலர்க்குழு அன்பர்கள் கேட்டார்கள். அவர்கள் கேட்டு மறுக்கும் வழக்கம் எனக்கில்லை. மேல்மலையனூர் அமாவாசை ஊஞ்சலையும் நம் பம்பை, உடுக்கைக் கலைஞர்களையும் கூத்து மேடைகளையும் அனந்தபுரத்தாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அவை உங்கள் வீட்டுச் செய்திகள். நான் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே புதியது. ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் ராக் இசைக்குழு அது. வடசென்னையிலும் அரக்கோணம் போன்ற வேறு ஊர்களிலும் வளர்ந்த பிள்ளைகள் சேர்ந்து பாடும் குழு.

கோயில் விழாவும் தமிழ்ப்பெருமையும் பேசும் மலரில் கிதாருக்கு என்ன வேலை என்று மூத்தவர் சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு விடை சொல்லச் சங்க நூலையும் பெரிய புராணத்தையும் துணைக்கு அழைக்கிறேன். இரண்டும் நம் மண்ணைத் தொட்டுச் செல்பவை.

கிடங்கிலுக்கு வந்த குழு

திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று அடங்கிவிட்ட கிடங்கல்தான், சங்கப் புலவர் பாடிய கிடங்கில். நம் பகுதியின் பழம்பெயர் ஓய்மாநாடு; அதன் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஊர் இது. கிடங்கில் காவிதிக் கீரங்கண்ணனார், கிடங்கில் குலபதி நக்கண்ணனார் என்று ஊர்ப்பெயரோடு புலவர்களைத் தந்த ஊர். நல்லியக்கோடனைப் புறத்திணை நன்னாகனார் புறநானூற்றின் 176ஆம் பாட்டில் போற்றுகிறார். அவன் புகழை நிலைநிறுத்தியதோ, பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடி கொண்ட அந்நூலைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். அவரும் நம் கடற்கரைப் பக்கத்தவரே.

அந்நூலில் மூவேந்தர் தலைநகரங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அவையும் இவன் கொடைக்கு நிகரில்லை என்று புலவர் தள்ளிவிடுகிறார். பேகன் முதலாக வள்ளல்கள் எழுவரையும் எண்ணி, அவ்வெழுவரும் தாங்கிய கொடைப்பாரத்தை இவன் ஒருவனே தாங்குகிறான் என்கிறார். நம் சிறுநாட்டுத் தலைவனுக்கு வாய்த்த இந்தப் பெருமையை வகுப்பறையில் சொன்னபோதெல்லாம் எனக்குக் குரல் உயர்ந்துவிடும். இப்பெருமையைக் கிடங்கிலுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் யார்? சோற்றுக்கு வழியில்லாத ஓர் இசைக்குழு.

வறுமையை இத்தனை நேராகச் சொன்ன இடம் நம் இலக்கியத்தில் அரிது. பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி போட்டிருக்கிறது; பால் வற்றிய தாய்நாய், கண் திறவாத குட்டிகள் முட்டுவது பொறுக்காமல் குரைக்கிறது. கரையான் அரித்த சுவரடியில் காளான் முளைத்திருக்கிறது. கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டும் குடியில் வந்தவள், குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து உப்பில்லாமல் வேகவைக்கிறாள். புறம்பேசுவோர் பார்த்துவிடுவார்களே என்று நாணிக் கதவை அடைக்கிறாள். அதன் பிறகு, இருந்த பெரிய சுற்றம் முழுவதும் ஒன்றாய் அமர்ந்து அந்தக் கீரையை உண்கிறது.

இக்காட்சியை வறுமைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே நாம் சொல்லி வருகிறோம். அந்த அடுக்களையில் யார் யார் இருந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். சீறியாழ் வாசிக்கும் பாணன் வீட்டில் பறைக்குடிப் பெண் உலை வைக்கிறாள். நரம்புக்கருவியும் தோற்கருவியும் ஒரே கூரையின் கீழ் பசித்திருந்தன, ஒரே கலத்தில் உண்டன. நரம்பு உயர்ந்த சபைக்கும் தோல் ஊர் எல்லைக்கும் என்று பிரித்து வைத்தது பின்னால் வந்த வேலை. மாங்குடி கிழார் புறநானூற்று 335ஆம் பாட்டில் குடிகளை எண்ணும்போது துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நால்வரைச் சொல்கிறார். இவர்களில் மூவர் கருவியால் அறியப்பட்டவர்கள் என்பதை நினைக்க வேண்டும்.

பிறகு ஆற்றுப்படையின் வழிநடை. எயிற்பட்டினத்து நுளைமகள் தெளிந்த தேறலும் சுட்ட குழல்மீனும் தருகிறாள். வேலூரில் எயிற்றியர் புளிச்சோறும் ஆமான் சூடும் தருகிறார்கள். ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டுக் கலவையும். இசைவாணர் குழு ஒன்று நெய்தலில் இறங்கி மருதத்தில் ஏறுகிறது. எந்த வாசலிலும் யாரும் ‘நீ எந்தக் குடி’ என்று கேட்கவில்லை, சோறு போட்டார்கள். கடைசியாக நல்லியக்கோடன், வீமன் வகுத்த மடைநூல் தவறாது சமைத்த உணவைத் தானே அருகில் நின்று ஊட்டுகிறான்.

நத்தத்தனார் யாழை வருணிக்கும் இடத்தையும் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. யாழ்த்தண்டில் இறுகியும் நெகிழ்ந்தும் கிடக்கும் வார்க்கட்டு, கருங்குரங்கு பாம்பைப் பிடித்தாற்போல் இருக்கிறதாம். பிடி இறுகும், தளரும், மீண்டும் இறுகும். கருவியை மடியில் வைத்து நரம்பை முறுக்கிச் சுதி சேர்த்தவன் கையை அருகிலிருந்து பார்த்தவரே இப்படிப் பாட முடியும்.

தொல்காப்பியர் நிலத்தின் கருப்பொருள்களைத் தொகுக்கையில் தெய்வத்தையும் உணவையும் சொன்ன அதே மூச்சில் பறையையும் யாழையும் சேர்த்தார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி, நெய்தலுக்கு மீன்கோட்பறை என்று உரைகாரர்கள் விரித்தார்கள். ஒரு நிலத்துக்கு அதன் பறை இருந்தே தீரும் என்பது அந்த இலக்கணத்தின் உள்ளுறை.

வடக்கு வாயில்

இனிப் பக்திக்கு வருகிறேன். நம் நடுநாட்டு எருக்கத்தம்புலியூரில் அவதரித்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். இன்று அவ்வூர் விருத்தாசலம் பக்கத்து இராசேந்திரப்பட்டினம். துணைவியார் மதங்கசூளாமணியாரோடும் சுற்றத்தோடும் ஊர் ஊராகச் சென்று இறைவன் புகழை யாழில் இட்டவர். மதுரையில் அவர் கோயிலுக்கு வெளியே நின்றுதான் வாசித்தார். சேக்கிழார் பெருமான் இதை மறைக்கவில்லை. அன்றிரவு ஆலவாய் அண்ணல் தொண்டர் கனவில் தோன்றி, அவரை உள்ளே அழைத்து வரப் பணித்தார். உள்ளே வந்தவர் தரையில் அமர்ந்து வாசிக்க, ஈரத்தால் யாழ் நரம்பு தளரும், பொற்பலகை இடுங்கள் என்று வானில் ஒலி எழுந்தது. கருவியின் நலத்தில் கருத்து வைத்த கடவுள் நம் கடவுள்.

திருவாரூரில் நடந்தது அதைவிடப் பெரிது. அங்கும் பாணர் வெளியே நின்று பாடினார். தியாகேசன் அவருக்காக வடதிசையில் வேறொரு வாயில் வகுத்துக் கொடுத்தான்; பாணர் அவ்வழியே புகுந்து வணங்கினார். திருச்சாத்தமங்கையில் சம்பந்தப் பெருமான் கேட்டுக்கொள்ள, வேதியரான திருநீலநக்கர் தம் வீட்டு வேதிகைக்கு அருகிலேயே பாணருக்கும் அவர் துணைவியாருக்கும் இடம் தந்தார். வேள்வித் தீ வலம் சுழித்து எழுந்தது. தீயே ஒப்புக்கொண்டபின் மனிதர் ஒப்பாதது எங்ஙனம்?

இன்னும் ஒன்று. தேவாரத் திருமுறைகள் தில்லையில் கண்டெடுக்கப்பட்டபோது ஏடு கிடைத்தது; பண் தெரியவில்லை. நம்பியாண்டார் நம்பியும் சோழ மன்னனும் இறைவனை வேண்ட, எருக்கத்தம்புலியூரில் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணிடமே பண்முறை பெறப்பட்டது என்று திருமுறைகண்ட புராணம் கூறும். இன்று ஓதுவார் பாடும் பண்ணெல்லாம் அந்த அம்மையார் தொண்டையில் காத்துவைத்தது. அவர் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

ராயபுரம் முதல் அரக்கோணம் வரை

அந்தப் பாணரைப் போல நம் காலத்தில் வடக்கு வாயில் வழியாக வந்தவர்களைப் பற்றிச் சொல்ல இப்போது வழி பிறந்துவிட்டது.

1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குச் சென்றது. அந்தத் தண்டவாளத்தைப் பின்பற்றியே வடசென்னை வளர்ந்தது எனலாம். துறைமுகம், பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிலகம், பக்கிங்காம் கர்நாடிக் ஆலை. அவற்றுக்கு உடலுழைப்பு தர, செங்கற்பட்டு, வட ஆர்க்காடு, தென்னார்க்காட்டுச் சேரிகளிலிருந்து மக்கள் போனார்கள். 1918இல் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது அந்த மக்களிடையேதான். மயிலாப்பூர்ச் சபாக்களுக்கும் ராயபுரத்துக்கும் சில மைல்தான் தூரம். ஆனால் ராயபுரத்தில் பாடிய கானா அந்தச் சபா மேடைகளில் ஏறப் பல தலைமுறை ஆயிற்று. இழவு வீட்டில் இரவு முழுக்கப் பிணத்தருகே பாடிய பாட்டு கானா. சட்டியும் கட்ட மோளமும் அதன் கருவிகள். அந்த நிலத்துக்குத் தொல்காப்பியர் பெயர் வைக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன இலக்கணப்படி அதற்கும் ஒரு பறை வாய்த்துவிட்டது.

2017இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் இணைந்து, இசையமைப்பாளர் டென்மாவின் பொறுப்பில் 19 பேரைத் திரட்டின. கானா பாடுவோர், ராப் சொல்வோர், பறை, சட்டி, கட்ட மோளம் அடிப்போர், கிதாரும் டிரம்ஸும் வாசிப்போர். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் அரங்கேறினார்கள். அனைவரும் சாம்பல் நிறக் கோட்டு சூட்டில் வந்தார்கள்; அண்ணல் அம்பேத்கரை நினைவூட்டும் உடை. அவ்வாண்டே ‘மகிழ்ச்சி’ என்னும் இசைத்தொகுப்பு வெளியானது. குழுவுக்குப் பெயர் வாய்த்தது அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து. 1845இல் பிறந்து 1914இல் மறைந்த அப்பெரியார், 1907இல் ‘ஒரு பைசா தமிழன்’ இதழைத் தொடங்கியவர். தம் மக்களைச் சாதிபேதமற்றவர் என்றே பதிய வேண்டும் என்று போராடியவர்.

குழுவில் பாடிய இசைவாணி வடசென்னை மகள். ஆடவர் கோலோச்சிய கானாவில் பெண்குரலாய் எழுந்து, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். மதங்கசூளாமணியாரின் வழித்தோன்றல் என்று நான் சொன்னால் மிகையாகாது. பாட்டு எழுதி ராப் சொன்ன அறிவு, அதே ரயில்பாதையில் உள்ள அரக்கோணத்துப் பிள்ளை. அவர் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். அப்பாட்டியின் வாழ்க்கையை உள்ளே வைத்த ‘எஞ்சாய் எஞ்சாமி’ 2021இல் உலகெங்கும் ஒலித்தது.

ராக் என்பது வெள்ளையர் கூச்சல் என்று நினைப்போருக்கு ஒரு சொல். அதன் வேர் அமெரிக்கத் தெற்கின் பருத்திக் காட்டுக் கறுப்பினத்தவர் பாட்டில் இருக்கிறது. புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943இல் மிசிசிப்பித் தோட்டத்தை விட்டு வடக்கே சிகாகோவுக்குப் போய்க் கிதாரில் மின்சாரம் ஏற்றினார். மாலி நாட்டின் வடகோடிப் பாலையில் பிறந்த இப்ராகிம் அக் அல்ஹபீப், அங்கே 1963இல் நடந்த கலகத்தில் தந்தையைப் பறிகொடுத்தவர். தகர டப்பா, குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி கொண்டு தம் முதல் கிதாரைச் செய்தார். அவர் கட்டிய தினாரிவென் குழு 2012இல் கிராமி விருது பெற்றது. அவர்கள் கருவி எதுவாயினும், கிடங்கிலுக்கு நடந்த நம் சிறுபாணர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டிருப்பார்.

கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவிடம் நான் காணும் பெரிய செய்தி ஒன்றுண்டு. சிறுபாணரின் சுற்றம் பிறப்பால் வந்தது. தந்தை பாணர், மகனும் பாணர். கிணைமகள் வயிற்றில் கிணைமகள். அந்த உறவே அவர்களைக் காத்தது. பிற்காலத்தில் அதுவே அவர்களைத் தீண்டாமைக்குள் பூட்டவும் வசதியாயிற்று. இந்த 19 பேரோ பிறப்பால் சேர்ந்தவர்கள் அல்லர். பல தெருக்களிலிருந்து வந்தவர்கள், பிறப்பைக் கேட்க மாட்டோம் என்ற உறுதியையே உறவாகக் கொண்டு சேர்ந்தார்கள். சுற்றத்தின் அன்பு இருக்கிறது. சுற்றத்தின் விலங்கு இல்லை. சங்கத்துப் பாணர்க்குக் கிடைக்காத பேறு இது. நத்தத்தனார் இருந்திருந்தால் இவர்களுக்கு இன்னோர் ஆற்றுப்படை பாடியிருப்பார் என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் விழாவுக்கு

2020 முதல் சென்னையில் நீலம் நடத்திவரும் மார்கழியில் மக்களிசை விழா, பறையையும் கானாவையும் மார்கழி மேடைக்கு ஏற்றியிருக்கிறது. மதுரை, கோவை வரை சென்றிருக்கிறது. ஓய்மாநாடு பின்தங்கலாமா? இளைஞர்களே, கிதார் கற்க விரும்பினால் கற்றுக்கொள்ளுங்கள். கற்றுக்கொண்டு நம் பம்பைக்காரர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் அடிக்கும் நடையைக் கேட்டுக் குறித்துவையுங்கள், அவர் ஒப்பினால் பதிவு செய்யுங்கள்.

விழாக்குழுப் பெரியோர்க்கு இரண்டு வேண்டுகோள். அடுத்த ஆண்டு அழைப்பிதழில் ‘பம்பை, உடுக்கை, மேளம்’ என்று கருவியின் பெயரை மட்டும் அச்சிடாமல், வாசிப்பவர் பெயரையும் ஊரையும் நன்கொடையாளர் பெயருக்கு மேலே அச்சிடுங்கள். பேசிய தொகையை மேடையிலேயே, மாலையோடு சேர்த்து, அவர் கையில் கொடுங்கள். அந்த மேடையில் ஓர் இரவைச் சென்னை, அரக்கோணம், திண்டிவனம் இளைஞர் குழுக்களுக்கு ஒதுக்குவதானால், முதல் நன்கொடையாக என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையைத் தரச் சித்தமாயிருக்கிறேன்.