மூன்றாம் தலைமுறைக்கு மேலே

ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022இல் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. பல்லாயிரம் ஆண்டு முந்தைய கற்கருவிகள் கிடைத்தன. ரோமானியப் பானையோடுகள் கிடைத்தன. பல்லவர் காலச் சிற்பமும் கிடைத்தது. பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இந்த வட்டாரத்து மண்ணை உழுது, நட்டு, அறுத்துக் களம் சேர்த்த சேரி மக்களிடம் போய் வம்சாவளி கேட்டால் என்ன பதில் வரும்? "எங்க நைனா பேரு தெரியும், தாத்தா பேரு தெரியும். அதுக்கு மேல யாருக்குப்பா தெரியும்?" கல்லுக்கு வயது சொல்ல முடிகிறது. மூன்று தலைமுறைக்கு முந்தின மனுஷனுக்குப் பேர் சொல்ல முடியவில்லை.

இது நம் மக்களின் மறதி அல்ல. எழுதும் உரிமை எவனிடம் இருந்ததோ அவன் எழுதாமல் விட்டது. செங்கல்பட்டுச் சீமையில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 1767 முதல் 1774 வரை பார்னார்டு ஊர் ஊராக அளந்து கணக்கெடுத்தான். மிராசுப் பங்கும் மானியமும் விவரமாக உண்டு. பறையர் வீடுகளோ எண்ணிக்கையாகத்தான் வருகின்றன. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இதே கதைதான். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் வயதும் பாலும் நிறமும் இருக்கும், பெயர் இருக்காது. அவர்களில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு எழுதப்பட்டது 1870 மக்கள்தொகைக் கணக்கில்தான். வேர் தேடிப் போகிற கறுப்பர்கள் 1870ஐச் சுவர் என்கிறார்கள். நம் சுவர் எங்கே இருக்கிறது?

அந்தச் சுவரில் ஒரு துவாரம் மாதா கோயில் அலமாரியில் இருக்கிறது. 1563இல் ட்ரென்ட் சங்கம் பங்குதோறும் பதிவேடு வைக்கக் கட்டளையிட்டது. சென்னைக் கோட்டையின் புனித மரியாள் ஆலயத்துப் பதிவுகள் 1680லிருந்தே தொடங்குகின்றன; ஏல் துரையின் கல்யாணம் அதில் முதலாவது. துரைமார் பேரப்பிள்ளைகள் லண்டனில் உட்கார்ந்தபடி பாட்டனைத் தேடிக்கொள்ளலாம். நம் ஆட்களோ தரங்கம்பாடி மிஷன் காலத்திலிருந்து, அதாவது 1707லிருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் புராட்டஸ்டண்டு ஏடுகளுக்குள் வந்தார்கள். செங்கல்பட்டுப் பக்கம் ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சும் வெஸ்லியன் மிஷனும் வேலை செய்தன. 1891இல் கலெக்டர் ட்ரெமன்ஹீர் செங்கல்பட்டுப் பறையர் நிலை பற்றி அறிக்கை எழுதினார். 1892இல் தரிசு நிலம் வழங்கும் அரசாணை வந்தது. பாதிரிகள் ஆடம் ஆண்ட்ரூவும் வில்லியம் கௌடியும் இந்த நிலப் பிரச்சினையில் குரல் கொடுத்தவர்கள். இந்தக் காலத்தில்தான் இங்கே பல சேரிக் குடும்பங்கள் ஞானஸ்நானம் பெற்றன.

பதிவேட்டில் என்ன இருக்கும்? ஞானஸ்நான நாள், பெயர், தகப்பன் பெயர், தாய் பெயர், ஊர், தொழில், நடத்திய குருவானவர். தாய் பெயர் என்பதைக் கவனியுங்கள். பட்டாவில் வராத, அடங்கலில் வராத நம் ஆயாக்கள் இதில் வருகிறார்கள். பெரியவர்கள் திருமறைக்குள் வந்த பதிவு இன்னும் முக்கியம். சில ஏடுகளில் புதுப்பெயர் பக்கத்தில் பழைய பெயரும் உண்டு. அந்த ஒரு வரிதான் யேசுதாசனுக்கும் அவனுக்கு முந்தைய முனியனுக்கும் பாலம்.

தேட நினைக்கிற மாணவர் முதலில் வீட்டு முதியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். பிறகு திருமணப் பதிவு, அதிலிருந்து ஞானஸ்நானப் பதிவு, அதற்குப்பின் அடக்கப் பதிவு என்று பின்னோக்கிப் போகலாம். ஃப்ரீ சர்ச், வெஸ்லியன் சபைகளின் வழி வந்தவை 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன. கத்தோலிக்க ஏடுகளைப் பங்குகளில் தேட வேண்டும். கத்தோலிக்கப் பழைய ஏடு லத்தீனில் இருக்கும். ராயப்பன் அதில் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ். இது தெரியாமல் போனால் கையில் இருக்கும் பாட்டனையே தவறவிடுவோம்.

ஆனால் இந்த ஏட்டைக் கும்பிட வேண்டியதில்லை. எழுதிய கையிலும் சாதி இருந்தது. தரங்கம்பாடி மிஷனில் 1733இல் வேளாளரான ஆரோன் குருவாக்கப்பட்டார். ஊர் ஊராக நடந்து சபை வளர்த்த பறையர் உபதேசியார் ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியார்தான். அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் தயாரில்லை. ஏடு ஒன்றாக இருந்தது. பெஞ்சும் கல்லறையும் தனித்தனியாக இருந்தன.

இன்னொரு கத்தியும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துவுக்கு மட்டுமே பட்டியல் சாதித் தகுதி தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 2024 நவம்பர் 26இல் உச்சநீதிமன்றம் புதுச்சேரிப் பெண் ஒருவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை என்றது. அவர் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற பதிவும் அவருக்கு எதிரான சாட்சியானது. ஆக, ஒரே புத்தகம் நமக்குப் பாட்டனைக் கொடுக்கிறது. பேத்தியின் சான்றிதழைப் பறிக்கிறது. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. ஊரும் டீக்கடையும் சுடுகாடும் அப்படிச் சொல்கின்றனவா?

1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டது. செத்தவர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பெயர் பைபிளிலிருந்து வந்தது, இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து. குண்டு பெயர் பார்க்கவில்லை. நிலம் இழந்ததில் இருவரும் ஒரே சேரி.

ஒரகடம் முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை கம்பெனிகள் வந்து நிலத்தின் விலை ஏறிக் கிடக்கிற காலம் இது. 1892 ஆணையின் வழி நிலம் பெற்றவன் யார், அவன் வாரிசு யார் என்ற கேள்விக்கு நாளைக்குக் காகிதம் கேட்பார்கள். வருவாய்த்துறை ஏட்டில் முதலில் நிலம் பெற்றவன் பெயர் ஒருவேளை கிடைக்கும். அவனுக்கும் இன்று இருப்பவனுக்கும் நடுவில் உள்ள சங்கிலியைச் சர்ச் ஏடுதான் பல குடும்பங்களுக்குத் தர முடியும்.

ஆகவே கரையான் அரிப்பதற்குள் பிரதி எடுப்போம். ஆயர்களிடமும் பங்குக் குருக்களிடமும் உரிமையோடு கேட்போம். எடுத்ததை அந்தந்தக் குடும்பத்திடம் முதலில் கொடுப்போம். அவர்கள் சம்மதமின்றி அச்சில் ஏற்ற வேண்டாம், சான்றிதழுக்கு அலைகிற பிள்ளைகள் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். ஏட்டில் ஏறாத இந்துச் சேரியின் பெயர்களைக் கிழவிகள் வாயிலிருந்து எழுதி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். அண்ணன் ஞானஸ்நானம் வாங்கியிருப்பான், தம்பி வாங்கியிருக்க மாட்டான். பாட்டன் ஒருவன்தான்.