கழிவுவாயுவின் வெப்பமும் பந்தய எஞ்சினும்

பந்தய எஞ்சினுக்குள் எரிபொருளும் காற்றும் சரியான அளவில் கலக்கின்றனவா என்பதற்கு, 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஸ்பார்க் பிளக்கே சாட்சி சொல்லிவந்தது. காரை முழு வேகத்தில் ஓட்டி, அந்த வேகத்திலேயே எஞ்சினை அணைத்து, கிளச்சை மிதித்து வண்டியை உருளவிட்டு, பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் பீங்கான் முனையின் நிறத்தை உருப்பெருக்கியால் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கமாக இருந்தது. கரி படிந்திருந்தால் எரிபொருள் மிகுதி என்றும், வெளுத்திருந்தால் குறைவு என்றும் கொள்ளப்பட்டது. ஓட்டம் முடிந்த பிறகே பேசும் இந்தச் சாட்சிக்குத் துணையாக வந்தது, எரிந்த வாயு சிலிண்டரை விட்டு வெளியேறும் குழாயிலேயே பொருத்தப்படும் வெப்ப உணரி.

அதன் அடிப்படை பழையது. வெவ்வேறு உலோகங்களாலான இரு கம்பிகளை இணைத்து, இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் விளைவை தாமஸ் சீபெக் 1821இல் கண்டார். அருகிலிருந்த காந்த ஊசி விலகியதைக் கண்ட அவர், வெப்பம் காந்தத்தையே உண்டாக்குவதாக நம்பினார். வெப்ப மின்னிரட்டை எனப்படும் இந்த அமைப்பு, நிக்கல்–குரோமியக் கலவைக்கு ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற பின்னர் வளர்ந்த மலிவான கம்பிகளால், 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேலும் தாங்கக்கூடியதாயிற்று. இன்று பரவலாகப் பயன்படும் K வகை, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருகிறது.

இந்தக் கருவியைக் கலவை பார்க்கும் கருவியாகப் பழக்கியவர்கள் விமானிகள். உயரம் கூடக் காற்று மெலிவதால் எரிபொருளின் பங்கு தானாகவே மிகுந்துவிடும்; அதைக் கையால் குறைத்துக்கொண்டே வந்தால் வெப்பமுள் ஏறி, உச்சத்தைத் தொட்டு, பின்பு இறங்கும். அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ஆல் ஹண்டியர் நிறுவிய ஆல்கார் நிறுவனம் 1960களில் சிறு விமானங்களில் இம்மானியைப் பரப்பியது. உச்சத்துக்கு எரிபொருள் மிகுந்த பக்கத்தில் ஏறத்தாழ 50 முதல் 80 டிகிரி செல்சியஸ் குறைவான இடத்தில்தான் எஞ்சின் மிகுந்த ஆற்றலைத் தரும். ஆகவே விமானி தேடியது ஒரு குறிப்பிட்ட எண்ணை அன்று, உச்சத்திலிருந்து விலகும் தொலைவை.

பந்தயப் பட்டறைகளில் பலர் வழுக்கியது இந்த இடத்தில்தான். வெளியேறும் வாயுவின் வெப்பம் கலவையை மட்டும் காட்டுவதில்லை. பொறி தாமதமாகப் பற்றினால் எரிதல் வால்வு திறக்கும் நேரம்வரை நீண்டு வாயு சூடாகும். முன்கூட்டிப் பற்றினால் வெப்பம் பிஸ்டனைத் தள்ளும் வேலையாக மாறி வாயு குளிர்ந்து வரும். இவற்றையெல்லாம்விட ஏமாற்றுவது நாக்கிங், அதாவது எஞ்சிய கலவை தானாகவே வெடித்துப் பற்றுவது: அப்போது வெப்பம் சிலிண்டர் தலைக்கும் பிஸ்டனுக்கும் பாய்வதால், பிஸ்டன் உருகும் தறுவாயிலும் மானியின் முள் இறங்கியே நிற்கும். உணரியை வால்விலிருந்து சற்றுத் தள்ளிவைத்தாலே அளவு மாறிவிடும் என்பதால், எல்லாச் சிலிண்டர்களிலும் அதை ஒரே தூரத்தில் பொருத்தி, ஒன்றையொன்று ஒப்பிடுவதே நம்பத்தக்க முறையாயிற்று.

அந்த ஒப்பீடு முழுமை பெற்றது, நேர்ப்பாதையில் குறுந்தூரம் விரையும் அமெரிக்க டிராக் பந்தயத்தில். 1980களில் காரிலேயே தரவுப் பதிவுக் கருவியைப் பொருத்தி ஓட்டியவர்களில் முன்னோடி, ஓட்டுநர் கென்னி பெர்ன்ஸ்டீனின் குழுத் தலைவரான டேல் ஆர்ம்ஸ்ட்ராங். ஏறத்தாழ ஐந்து விநாடியில் முடிந்துவிடும் ஓட்டத்தில் உணரிகள் முழுமையாகச் சூடேறுவதற்குக்கூட நேரமில்லை. ஆனால் எட்டுச் சிலிண்டர்களின் எட்டுக் கோடுகளுள் ஒன்று மட்டும் திடீரென விழுந்தால், அந்தச் சிலிண்டர் பற்றாமல் போய்விட்டது என்பது தெரிந்துவிடும். இந்தக் கார்களின் நைட்ரோமீத்தேன் எரிக்கும் எஞ்சினில் இது சிறிய செய்தி அன்று. பெட்ரோலுக்குத் தன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும், நைட்ரோமீத்தேனுக்கு 1.7 மடங்கே போதும் என்பதால் சிலிண்டருக்குள் திரவம் வெள்ளமாகப் பாய்கிறது. பற்றாத சிலிண்டர் அதனால் நிரம்பி, எஞ்சினையே பிளந்துவிடக்கூடும். அடுத்த ஓட்டத்துக்குள் அந்தச் சிலிண்டரின் எரிபொருள் முனையை மட்டும் மாற்றிப் பொருத்த எட்டுக் கோடுகளும் வழிகாட்டின. பெர்ன்ஸ்டீன் 1992 மார்ச் 20 அன்று கெய்ன்ஸ்வில்லில் மணிக்கு 301.70 மைல் தொட்டு, 300 மைல் எல்லையைக் கடந்த முதல் டிராக் ஓட்டுநரானபோது, அவருடைய எஞ்சினைச் சீரமைத்தவர் ஆர்ம்ஸ்ட்ராங்தான்.

ஃபார்முலா ஒன்றில், 1977இல் சில்வர்ஸ்டோனில் ரெனால்ட் கொண்டுவந்த டர்போ எஞ்சின் இந்த அளவீட்டுக்கு வேறொரு பொருள் தந்தது: கழிவுவாயுவால் சுழலும் டர்பைன் சக்கரம் தாங்கும் வெப்பமே எஞ்சினின் எல்லையாகி, சக்கரத்தைக் காக்கவே கூடுதல் எரிபொருள் ஊற்றப்பட்டது. இதற்கிடையில் பாஷ் நிறுவனத்தின் ஆக்சிஜன் உணரி 1976இல் வால்வோ கார்களில் இடம்பெற்று, 1990களில் அதன் அகலவீச்சு வடிவம் வந்து, கலவையை நேரடியாகவே அளந்து சொன்னது. எனினும் ஈயம் கலந்த பந்தயப் பெட்ரோல் அந்த உணரியைக் கெடுத்துவிடும்; குழாய்கள் ஒன்றுகூடும் இடத்தில் பொருத்திய ஒற்றை உணரியோ எல்லாச் சிலிண்டர்களின் சராசரியை மட்டுமே காட்டும். எந்தச் சிலிண்டர் மற்றவற்றிலிருந்து விலகுகிறது என்று அறிய, ஒவ்வொரு குழாயிலும் இரட்டைக் கம்பி செருகும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது.