2147483647 (எண்)

2147483647 பத்து இலக்கங்கள் கொண்ட பகா எண். சொல்லில் எழுதினால் இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. 2இன் 31ஆம் அடுக்கிலிருந்து 1ஐக் கழித்தால் இது கிடைக்கும். 2இன் அடுக்கை விட ஒன்று குறைவாக அமையும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்பர். அந்த வரிசையில் இது எட்டாவது.

வரலாறு

இத்தாலியின் பொலோஞாவில் கணிதம் கற்பித்த கட்டால்டி, 1603இல் வெளியிட்ட நூலில் 23, 29, 31, 37 ஆகிய அடுக்குகளும் பகா எண்களைத் தரும் என்றார். 23, 37 இரண்டும் தவறு என 1640இல் ஃபெர்மா காட்டினார். 29உம் தவறு என 1738இல் ஆய்லர் காட்டினார். எஞ்சியது 31 மட்டுமே. பிரெஞ்சுத் துறவி மெர்சென் 1644இல் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. ஆனால் நிறுவல் இல்லை.

அந்த நிறுவலைத் தந்தவரும் ஆய்லரே. 1772இல் வெளியான கடிதம் ஒன்றில் அவர் முடிவை அறிவித்தார். இவ்வெண்ணுக்குப் பகா வகுத்தி இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 ஆகவே இருக்க வேண்டும் என்பது அவர் கண்ட வழி. எண்ணின் வர்க்கமூலம் 46341க்குச் சற்றுக் குறைவு என்பதால் அதற்கு மேல் தேட வேண்டியதில்லை. ஆயிரக்கணக்கில் வகுத்துப் பார்க்க வேண்டிய வேலை நானூறுக்கும் குறைவான வகுத்தல்களில் அடங்கியது. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை.

செவ்விய எண்

யூக்ளிட் தந்த விதிப்படி ஒவ்வொரு மெர்சென் பகா எண்ணும் ஒரு செவ்விய எண்ணைத் தருகிறது. தன்னை நீக்கிய மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகைக்குச் சமமான எண்ணே செவ்விய எண். 2147483647ஐ 2இன் 30ஆம் அடுக்கால் பெருக்கினால் எட்டாவது செவ்விய எண்ணான 2305843008139952128 வரும். இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று 1811இல் ஆங்கிலேயர் பீட்டர் பார்லோ எழுதினார். 1876இல் கணிதவியலாளர் லூக்கா 2இன் 127ஆம் அடுக்கைக் கொண்டு 77 இலக்கச் செவ்விய எண்ணுக்கு வழி காட்டியதும் அக்கூற்று பொய்த்தது.

கணினியில்

இரும எண்முறையில் இவ்வெண் 31 ஒன்றுகளால் ஆனது. 32 பிட்டுகளில் ஒன்றைக் கூட்டல், கழித்தல் குறிக்கு ஒதுக்கினால் எஞ்சும் 31 பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் இதுவே. பகா எண்ணாக இருப்பதால் சமவாய்ப்பு எண்களை உருவாக்கும் நிரல்களிலும் இதை வகுஎண்ணாகக் கொள்வதுண்டு.

யூனிக்ஸ் கணினிகள் 1970 ஜனவரி 1 முதல் நேரத்தை நொடிகளாக எண்ணுகின்றன. 32 பிட்டில் அதைச் சேமிக்கும் கணினிகளில் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரம் காலை 3 மணி 14 நிமிடம் 7 நொடிக்கு இந்த எல்லை எட்டப்படும். அடுத்த நொடியில் தேதி 1901க்குத் தாவும். நேரத்தை 64 பிட்டில் சேமிக்கும் கணினிகளுக்கு இச்சிக்கல் இல்லை.