சுவருக்குள் ஒரு கையெழுத்து

வீடியோ விளையாட்டைக் கலை என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு உள்ள தயக்கத்தில் பாதி, அதன் ஆசிரியன் யார் என்று தெரியாததால் வருவது. நாவலின் அட்டையில் பெயர் இருக்கிறது. சினிமாவில் டைரக்டருக்கு அந்த இடத்தை விமர்சகர்கள் சண்டை போட்டு வாங்கிக் கொடுத்தார்கள். விளையாட்டின் மேல் இருப்பது கம்பெனியின் முத்திரை. யந்திரம் செய்தது என்றோ கம்பெனி செய்தது என்றோ பேசிப் பழகிவிட்டோம்.

சென்ற ஓராண்டில் மாலை நேரங்களில் ஆடியவற்றில் நான் விரும்பித் திரும்பத் திரும்பப் போனவை ஐந்து. நான்கு, 1976க்கும் 1984க்கும் இடைப்பட்டவை; பழைய யந்திரங்களைப் போலவே இயங்கிக் காட்டும் மென்பொருள்களின் தயவில் இன்று அவற்றை ஆட முடிகிறது. ஐந்தாவது 2024இல் வெளியானது. ஐந்தையும் தொடங்கியவர்கள், தொடங்கிய காலத்தில், மாதச் சம்பளக்காரர்கள். இந்த ஒற்றுமையைத் தேடி நான் போகவில்லை. ஆடி முடித்தபின் கண்ணில் பட்டது. பட்டபின் விடவில்லை.

முதலில் அட்வெஞ்சர். அடாரி கம்பெனியின் 2600 என்ற வீட்டு யந்திரத்துக்காக வாரன் ராபினெட் எழுதியது. 1980இல் கடைக்கு வந்தது. அந்த யந்திரத்தின் வேலை நினைவகம் 128 பைட். விளையாட்டு முழுவதும் அடங்கிய காட்ரிட்ஜ் 4096 பைட். (இந்தக் கட்டுரையைக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்தில் சேமித்தால் அந்த இடம் இரண்டு மூன்று பத்திகளுக்குத்தான் காணும்.) அன்று அங்கே ஒரு விளையாட்டுக்கு ஓர் ஆள். கற்பனை, நிரல், படம், சத்தம் எல்லாம் அவன் பொறுப்பு. ராபினெட்டின் மேலதிகாரி இது இந்த யந்திரத்தில் நடக்காது, விட்டுவிடு என்று சொன்னதாகவும், தான் விடாமல் செய்ததாகவும் ராபினெட் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

திரையில் நாம் ஒரு சிறு சதுரம். வீரன் என்று அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். மூன்று கோட்டைகள், வாத்துச் சாயலில் மூன்று டிராகன்கள், கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு வேறொன்றைப் போட்டுவிட்டுப் போகும் ஒரு வௌவால். தொலைந்த கிண்ணத்தைத் தேடி எடுத்து மஞ்சள் கோட்டைக்குக் கொண்டுவந்தால் ஆட்டம் முடிந்தது. ஆனால் முடிவதில்லை. கறுப்புக் கோட்டையின் சிக்கல் வழிகளில், பாலத்தைக் கொண்டுபோய் வைத்தால்தான் எட்டும் ஓர் அறையில், சாம்பல் நிறத் தரையில் சாம்பல் நிறத்தில் ஒரே ஒரு புள்ளி கிடக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மேலே இடறினால் கையில் ஒட்டும். அதைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டைக்குக் கீழே கிழக்குப் பக்கமுள்ள அறைக்கு வந்து, அங்கே வேறு பொருள்களையும் சேர்த்து வைத்தால், யந்திரம் ஒரே சமயத்தில் அத்தனையையும் வரைய முடியாமல் திணறுகிறது. சுவராக நிற்கும் கோடு நடுங்குகிறது. நடுங்கும் சுவரைக் கடந்து போகலாம். அப்பால் ஓர் அறை. அதில், இதைச் சிருஷ்டித்தவர் வாரன் ராபினெட் என்று நிறம் மாறி மாறி மின்னும் எழுத்துகள்.

பெயரை ஒளித்துவைத்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லிவிட முடியாது. 1977, 1978இலேயே வேறு சில விளையாட்டுகளில் அப்படி நடந்திருப்பது இப்போது தெரிந்திருக்கிறது. எனக்கு முதலாவது யார் என்ற போட்டியில் அக்கறையில்லை. ஒளித்த விதம்தான் விஷயம். யந்திரத்தின் பலவீனம் எது என்று, இரவும் பகலும் அதோடு மல்லாடிய ஒருவனுக்குத்தான் தெரியும். அந்தப் பலவீனத்தையே கதவாக்கி, அதற்குப் பின்னால் பெயரை வைத்தான். அதாவது கையெழுத்தும் அந்த விளையாட்டின் உருவத்துக்குள் அடங்கியது. அந்த அறையைப் பார்த்தபின் மற்ற சுவர்களும் பழைய சுவர்களாக இருப்பதில்லை. இதை யாரோ ஒருவன் உட்கார்ந்து வைத்திருக்கிறான் என்ற பிரக்ஞை ஒவ்வொரு திருப்பத்திலும் கூட வருகிறது.

அவன் ஏன் ஒளிக்க வேண்டியிருந்தது? 1976இல் அடாரியை வார்னர் கம்பெனி வாங்கியது. 1978இல் நிர்வாகத்துக்கு வந்த ரே கஸார், துணித் தொழிலில் இருந்து வந்தவர். 1979இல் டேவிட் கிரேன், ஆலன் மில்லர், லாரி காப்லன், பாப் வைட்ஹெட் என்ற நான்கு நிரலாளர்கள், கம்பெனியின் காட்ரிட்ஜ் விற்பனையில் பெரும்பங்கு தாங்கள் செய்தவற்றால் வந்தது என்ற கணக்கோடு அவரிடம் போனார்கள். கேட்டது இரண்டு: பெயர், வருமானத்தில் கொஞ்சம் பங்கு. காட்ரிட்ஜுகளைப் பூட்டி அடுக்கும் தொழிலாளியை விட நீங்கள் எந்த விதத்திலும் உசத்தி இல்லை என்ற கருத்தில் பதில் வந்ததாகக் கிரேன் சொல்கிறார்.

இந்தப் பதிலைத் திட்டுவது சுலபம். ஆனால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. அடுக்குகிற தொழிலாளிக்கும் பெயர் கிடையாதுதானே. நியாயம் தவறுவது எங்கே என்றால், அடுக்குகிறவன் மாறினால் பெட்டி மாறுவதில்லை. எழுதுகிறவன் மாறினால் விளையாட்டு மாறிவிடுகிறது என்பதை நிர்வாகம் பார்க்க மறுத்ததில். நால்வரும் வெளியேறி அதே 1979இல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1980இல் அவர்களுடைய விளையாட்டுகள் செய்தவர் பெயரோடு வந்தன. அடாரி வழக்குப் போட்டது, 1982இல் சமரசம். ராபினெட் இவர்களோடு சேரவில்லை. யாரிடமும் சொல்லாமல் வேலையை விட்டுப் போனார். அவர் போனபின் ஒரு பையன் அந்த அறையைக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குக் கடிதம் எழுதியபோதுதான் விஷயம் தெரிந்தது. அழித்து மறுபடி அச்சிடப் பணம் செலவாகும் என்பதால் விட்டுவைத்தார்கள். பிறகு இதையே வியாபார உத்தியாக்கி, ஈஸ்டர் முட்டை என்று பெயரும் வைத்தார்கள். எதிர்ப்பை அலங்காரமாக்குவதில் கம்பெனிகளுக்கு உள்ள திறமை அலாதி.

ராபினெட்டுக்கு மூலம், எழுத்திலேயே நடக்கும் ஒரு குகை விளையாட்டு: கொலாஸல் கேவ். வில் க்ரவுதர், அர்ப்பாநெட் என்ற ஆதி வலைப்பின்னலுக்கான நிரல் எழுதிய பிபிஎன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைகளுக்குள் மனைவியோடு இறங்கி வரைபடம் எடுத்தவர். விவாகரத்துக்குப் பின், தன் இரண்டு பெண்களுக்காக, 1975-76இல் அந்தக் குகையைச் சொற்களாக எழுதினார். பாதியில் விட்டார். ஸ்டான்ஃபோர்டில் அதைக் கண்டெடுத்த டான் வுட்ஸ், விரிவாக்க அனுமதி கேட்க ஆளைத் தெரியாமல், வலையில் இருந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் க்ரவுதர் என்ற பெயருக்குக் கடிதம் அனுப்பினார். ஒன்று போய்ச் சேர்ந்தது. 1977இல் வுட்ஸின் பிரதி பரவியது. க்ரவுதரின் பிரதி தொலைந்தது என்றே பல காலம் நினைத்திருந்தார்கள். வுட்ஸின் பழைய மாணவர் கணக்கின் சேமிப்பிலிருந்து டென்னிஸ் ஜெர்ஸ் அதை மீட்டு 2007இல் வெளியிட்டார். இப்போது பாடபேதம் பார்க்க முடிகிறது. மதிப்பெண் முறை வுட்ஸ் சேர்த்தது. க்ரவுதரின் குகையில் புள்ளிக் கணக்கு இல்லை, இடம்தான் இருக்கிறது. நான் அதில் தங்கியது அந்த இடத்துக்காக. ஒருவன் உடம்பால் ஊர்ந்து போன பாறையிடுக்கு அந்த வறண்ட வாக்கியங்களில் இன்னும் ஈரமாக இருக்கிறது.

ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வேறு விதமான கேள்வியை எழுப்புகிறது. 1978இல் தாய்ட்டோ கம்பெனியில் தோமோஹிரோ நிஷிகாடோ ஏறக்குறையத் தனி ஆளாக, யந்திரம் உட்பட, உருவாக்கியது. 55 ஜந்துக்கள் வரிசையாக இறங்கி வருகின்றன. யந்திரம் ஒரு கணத்துக்கு ஒன்றைத்தான் நகர்த்தும். 55ம் இருக்கையில் படை ஓர் அடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது. சுடச் சுடக் கூட்டம் குறைகிறது, யந்திரத்துக்குச் சுமை குறைகிறது, மிஞ்சியவை வேகம் பிடிக்கின்றன. கடைசி ஒன்று பேய்போல் ஓடுகிறது. நம் வெற்றியே நமக்கு எதிராகத் திரும்பும் இந்த இறுக்கத்தை நிஷிகாடோ திட்டமிடவில்லை; யந்திரத்தின் குறையால் நேர்ந்தது; பார்த்தார், நன்றாக இருந்தது, விட்டுவைத்தார். திட்டமிடாதது எப்படிச் சிருஷ்டியாகும் என்று கேட்பவர்கள் தாங்கள் எழுதிய கவிதைகளை நினைத்துப் பார்க்கலாம். கைக்குத் தானாக வந்த வரியை அடிக்காமல் விடுகிறவனும் ஆசிரியன்தான். அந்த மனிதரின் பெயர் வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆயின.

டெட்ரிஸ் பற்றி எல்லோருக்கும் தெரியும். 1984இல் மாஸ்கோவில், சோவியத் விஞ்ஞான அகாதமியின் கணிப்பு மையத்தில் அலெக்ஸி பஜித்னோவ் செய்தது. அவர் கையிலிருந்த எலெக்ட்ரோனிகா 60 படம் காட்டாது. அடைப்புக்குறிகளை அடுக்கித்தான் கட்டங்களை உண்டாக்கினார். உரிமை பத்தாண்டுகளுக்கு அரசிடம் போனது. 1989இல் நின்டெண்டோவின் கேம் பாயோடு உலகமெல்லாம் அது விற்றபோது அவருக்கு ராயல்டி இல்லை. 1996க்குப் பிறகுதான் வரத் தொடங்கியது. முதலாளித்துவ அடாரியும் சோவியத் அரசும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

இன்று பெயர்களுக்குக் குறைவில்லை. பெரிய விளையாட்டின் முடிவில் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன, ஒருவரும் வாசிப்பதில்லை. அதிலும் 2021இல் மெட்ராய்ட் ட்ரெட் வந்தபோது, மொத்தத் தயாரிப்புக் காலத்தில் கால் பங்காவது வேலை செய்திராதவர்களின் பெயர் விடப்பட்டது என்று அதைச் செய்த மெர்க்குரிஸ்டீம் விளக்கம் தந்தது. வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் ஆசிரியத்துவம். ஜப்பானில் எண்பதுகளில் வேறு ஏற்பாடு: போட்டிக் கம்பெனிகள் ஆளைக் கொத்திக்கொண்டு போகாதிருக்கப் பட்டப்பெயர்களைப் போடச் சொன்னார்கள். புனைபெயரில் எழுதும் உத்தியோகஸ்தர்கள் நிறைந்த நம் வட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நம் புனைபெயர் நாமே வைத்துக்கொண்டது.

ஐந்தாவது விளையாட்டு பாலாட்ரோ. போக்கர் சீட்டாட்டத்தின் விதிகளை ஜோக்கர்களைக் கொண்டு கலைத்து ஆடுவது. கனடாவின் சஸ்காச்சவன் மாநிலத்தில் கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருந்த ஒருவர் 2021இன் இறுதியில் பொழுதுபோக்காகத் தொடங்கியது. 2024 பிப்ரவரியில் வந்து, ஓராண்டுக்குள் 50 லட்சம் பிரதிகள் விற்றது, விருதுகளும் வந்தன. தடுக்க மேலதிகாரி இல்லை, அரசு இல்லை. ஆனாலும் அவர் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை. லோக்கல்தங்க் என்ற புனைபெயர் மட்டும். ராபினெட் ஒரு புள்ளிக்குள் ஒளித்துப் பெற்ற இடத்தை இவர் காலியாக விட்டிருக்கிறார். சீட்டுகளைத் திரும்பத் திரும்பக் கலைத்துப் போடும்போது, ஒரு ஜோக்கரின் குணத்தில், ஒரு தோல்வி வந்து விழும் நேரத்தில், அந்த ஆள் எனக்குத் தெளிவாகவே தெரிகிறார். அவர் பெயரைத் தேட எனக்குத் தோன்றவில்லை.