சொரிமுத்து அய்யனார் கோயில் குடில்கள்

ஆடி அமாவாசையை ஒட்டி, பாபநாசத்துக்கு மேலே காரையாற்றில் தாமிரபரணிக் கரையில் குடும்பங்கள் அமைத்துத் தங்கும் தற்காலிகக் கூடாரங்கள். சங்கரன்கோவில் உள்ளிட்ட தென்காசி, நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்தார் அரிசி, அண்டா, கைக்குழந்தை சகிதம் வேனிலும் லோடு ஆட்டோவிலும் வந்து முகாமிடுவது வழக்கம். நான்கு கம்பும் ஒரு தார்ப்பாயும் இருந்தால் குடில் தயார். கோயிலில் உள்ள பட்டவராயன் சாமிக்குச் செருப்புக் காணிக்கை செலுத்துவதும், கிடா வெட்டிச் சமைப்பதும் இங்கே நேர்த்திக்கடன்.

கோயில் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. முண்டந்துறை 1962-இல் சரணாலயமானது. 1988-இல் களக்காட்டோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. ஆகவே தங்கும் நாள்கள், தனியார் வாகனம், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிளம்புமுன் அறிவிப்பைப் பார்த்துவிடுவதே புத்திசாலித்தனம்.

இடம் பிடிப்பதில் அனுபவசாலிகள் ஆற்று மணலை நாடுவதில்லை. ஆடி, தென்மேற்குப் பருவமழைக் காலம். மலையில் பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் ஏறும். மேட்டு நிலம், பட்ட கிளை தலைக்கு மேல் இல்லாத இடம், குழாயும் கழிப்பறையும் கூப்பிடு தூரத்தில்: சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இவையே முக்கியம். பழத்தை வெளியே வைத்தால் குரங்குகள் விடா. ஆற்றில் சோப்பு, எண்ணெய் கலப்பதும் பழந்துணி விடுவதும் நதியைக் கெடுக்கின்றன. பக்தியின் பெயரால் இதற்குச் சலுகை கேட்பது நியாயமில்லை.